நெஞ்சுப் பஞ்சு

பொன்மலர் மில்லின் சங்கு ஊதுவதை நிறுத்திய வருடம், சிங்காநல்லூருக்குத் தெற்கே மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் கோழிகள் உட்பட எல்லோருக்கும் நேரம் தவறிப்போய், காலையில் குளிக்க வேண்டியவர்கள் மதியம் குளித்து, மதியம் சாப்பிட வேண்டியவர்கள் பொழுது சாய்ந்து சாப்பிட்டு, கதவடைப்பு என்றைக்கு முடியும் என்று ஒருவரையொருவர் கேட்பதையும் விட்டுவிட்டிருந்த அந்த வருடத்தில்தான், பின்னாளில் சினிமாப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கிய ககாரின், சீல் வைத்துக் கிடந்த மில் கேன்டீனுக்குள் பின்பக்க ஜன்னல் வழியே இறங்கி, வாசிக்கத் தெரியாத ஒரு கருவியை வாசிக்கத் தொடங்கினான்.

அவனுடைய அப்பா மருதாசலம் மில் சங்கத்தின் தலைவர். வானத்தைச் சுற்றி வந்த முதல் மனிதனின் பேரைப் பிள்ளைக்கு ஆசையாக வைத்தவர். அந்தப் பிள்ளை பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பொறுக்காமல் அவனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். குறைத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேசுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை. வாலிபத்திலிருந்து பஞ்சுத் தூசிக்குள் நின்று வேலை செய்த எல்லோரையும் போல அவருடைய நெஞ்சும் அடைத்துப்போயிருந்தது. லைன் வீடுகளில் ஆண்கள் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஒரு வீட்டில் தொடங்கும் இருமல் அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், கடைசி வீடு வரை போய்த் திரும்பி வந்தது.

வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் மில்லில் புதிய நூற்பு இயந்திரங்களைப் பூட்டிக்கொடுக்க வந்துவிட்டு, ஊர் திரும்பும்போது விருந்தினர் விடுதியில் ஒரு டேப் ரெக்கார்டரையும் செருப்புப் பெட்டி நிறையக் கேசட்டுகளையும் விட்டுப் போனார். விடுதியின் சமையல்காரர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் மகன் பஷீரிடம் கொடுத்தார். அங்கே மேற்கே, பங்க் என்றொரு கூச்சல் எழுந்து ஓய்ந்த பிறகு, இதேபோல மில்கள் மூடிக்கொண்டிருந்த ஊர்களில், வேலையில்லாத பிள்ளைகள் நிலவறைகளில் கூடி வாசித்த பாட்டுகள் அவை. போஸ்ட்-பங்க் என்று அதற்குப் பேர் இருந்தது பஷீருக்கும் தெரியாது, ககாரினுக்கும் தெரியாது. டேப் ரெக்கார்டருக்குள் இருந்த ரப்பர் பெல்ட் கோயமுத்தூர் வெயிலில் தளர்ந்துபோயிருந்ததும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பாட்டும் பாதி வேகத்தில், கிணற்றின் அடியிலிருந்து எருமை முனகுவது போல வந்தது. அந்த இசையே அப்படித்தான் என்று நம்பி, ஒவ்வொரு அடியையும் அதே கனத்தோடு, அதே சோம்பலோடு, உலகத்தில் வேறெவரும் வாசித்திராத தாழ்ந்த சுருதியில் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். வெகுநாள் கழித்துப் பெங்களூரில் படிக்கும் ஒருவன் சரியான வேகத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது லோகநாயகி சித்த நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இவங்களுக்கு எங்கயோ பஸ்ஸு புடிக்கோணும் போல."

பாடகி லோகநாயகிதான். கதவடைப்புக்கு முன்னால் மில்லில் நூலைக் கூம்புகளில் சுற்றும் பகுதியில் வேலை செய்தவள். அங்கே இயந்திரச் சத்தத்துக்கு மேலே போய்த்தான் எதையும் சொல்ல முடியும் என்பதால், தண்ணீர் கேட்பதையும் கொலை மிரட்டல் போலக் கேட்டுப் பழகியவள். ககாரினை விட ஒரு வயது மூத்தவள். பஷீர், பஞ்சு நாடா நிரப்பும் ஆளுயர டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டையால் அடித்தான். ககாரினுடைய பேஸ் கிதாரின் உடம்பு லேத் பட்டறையில் அறுத்த பலா மரம். தந்திகள் ஸ்கூட்டர் கிளட்ச் வயர். ஒலிபெருக்கி, பம்பு செட்டுக்குக் காயில் சுற்றும் ஒருவர் தனக்குத் தெரிந்த அளவில் செய்து கொடுத்தது. அதில் மேல் ஸ்தாயி வராது. கீழ் ஸ்தாயி வந்தால் நிற்காது.

"வாசிக்கறயா, வேடிக்கை பாக்கறயா?" என்று லோகநாயகி அடிக்கடி கேட்பாள். அவன் கை தந்தியில் இருக்கும், கண் பஷீரின் தோளில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கும், அடி தவறும். தனக்கு இசை வருமா, அல்லது இசை வருகிறவர்கள் பக்கத்தில் நிற்பது மட்டும்தான் வருமா என்று அவனுக்கே சந்தேகம்.

முதலில் வந்தவர், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதிச் சின்னராஜ். திட்டத்தான் வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா பசங்களா, பொணத்த எழுப்பவா பாக்கறீங்க?" என்று ஆரம்பித்தவர், அதற்குள் இருமல் வந்து, குனிந்து, நெஞ்சைப் பிடித்தார். அவர்கள் நிறுத்தவில்லை, அந்தப் பாட்டை எங்கே நிறுத்துவது என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. சின்னராஜின் வாயிலிருந்து வெள்ளையாக எதுவோ எட்டிப் பார்த்தது. அவர் அதை விரலால் பிடித்து இழுத்தார். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. மெல்லிய, சுத்தமான, சிக்கில்லாத பஞ்சு நாடா, கை மாற்றிக் கை மாற்றி இழுத்து அவர் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார், தறிக்காரர் துண்டு போடுவது போல. கடைசி இழை வந்ததும் ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பவர் போலக் கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"நெஞ்சுல இன்னொரு பக்கம் பாக்கியிருக்குது. அதையே இன்னொருக்கா அடிங்க."

மறுநாள் சாயங்காலம் கேன்டீனுக்குப் பின்னால் வரிசை நின்றது. சீல் வைத்த கட்டிடத்துக்குள் யாரும் போகக்கூடாது என்று காவலுக்குப் போட்டிருந்த வாட்ச்மேன் வரிசையின் முன்னால் நின்றார், அவருக்கும் நெஞ்சு இருந்ததால். போலீசுக்குத் தெரியக்கூடாது, மேனேஜருக்குத் தெரியக்கூடாது என்பதால் போஸ்டர் இல்லை, மைக்கில் அறிவிப்பு இல்லை, தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "பொழுதோட மேளத்துக்குப் போலாமா?" என்று கேட்பாள், அவ்வளவுதான். இசை என்று யாரும் அதைச் சொல்லவில்லை. நெஞ்சு மேளம் என்றார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் முகத்தைச் சுளித்தார்கள். "மருந்து இனிக்குமாக்கும்?" என்றாள் ஒரு கிழவி.

சில நாட்களில் அது ஒழுங்குக்கு வந்தது. ரொம்ப மூச்சு முட்டுகிறவர் முன்னால் போக வேண்டும், வெறும் வயிற்றோடு வர வேண்டும், அடுத்தவர் பஞ்சை மிதிக்கக் கூடாது. பெண்கள் முறத்தோடும் தலையணை உறையோடும் வந்தார்கள். மில்லின் முதல் கட்டத்தில் பஞ்சுப் பொதி உடைத்தவர்களின் பஞ்சு கொட்டையும் சருகுமாகச் சொரசொரவென்று வந்தது. கார்டிங்காரர்களுடையது சிலந்தி வலை போல வந்தது. நூற்புப் பெண்களுடையது காற்றில் விட்டால் கீழே இறங்க யோசித்தது. சாய நூல் ஓட்டிய காலத்தில் வேலை செய்த ஒருத்திக்கு இளஞ்சிவப்பாக வந்து, அதைப் பார்க்க அடுத்த லைனிலிருந்தெல்லாம் வந்தார்கள். "என்ற வூட்டுக்காரருது ரெண்டு தலகாணிக்கு வந்துச்சு" என்று ஒருத்தி சொன்னால், "எங்கூட்டுது மெத்தைக்கே வரும், அவரு லீவே போட மாட்டாரு" என்று இன்னொருத்தி சொன்னாள். மாரியம்மன் கோயிலில் அந்தப் பஞ்சில் திரி போட்டார்கள். அது புகையில்லாமல் எரிந்தது. ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகப் போன தலையணைகள் முழுக்க அவள் அப்பாவின் நெஞ்சிலிருந்து வந்தவை. மாப்பிள்ளை வீட்டார் அமுக்கிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. லைன் வீடுகளில் ஆண்கள் மல்லாந்து படுத்துத் தூங்க ஆரம்பித்தார்கள். இருமல் இல்லாத இரவுகளைப் பழகிக்கொள்ள முடியாமல் சில நாய்கள் மட்டும் ஊளையிட்டன.

மருதாசலம் மட்டும் வரவில்லை.

மில் தூசி எங்கள் நெஞ்சைக் கெடுத்தது, இதற்கு மில் பொறுப்பேற்று வைத்தியம் பார்க்க வேண்டும், தூசியை உறிஞ்சும் இயந்திரம் வைத்த பிறகே மில்லைத் திறக்க வேண்டும் என்று சங்கம் போட்ட வழக்குதான் அந்தக் கதவடைப்புக்கே காரணம். தூசியெல்லாம் இல்லை, பீடிதான் என்றது நிர்வாகம். அடுத்த விசாரணைக்கு முன்னால் தொழிலாளர்களுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்னராஜின் நெஞ்சு பளிங்கு போல இருந்தது. வாட்ச்மேன் நெஞ்சு பளிங்கு போல இருந்தது. பார்த்தீர்களா, ஆரோக்கியமான மனிதர்கள், வேலைக்கு வரச் சோம்பல் என்றார் மில் வக்கீல். பஞ்சு அடைத்த ஒரே நெஞ்சு மருதாசலத்தினுடையது. அவர் வீட்டு ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து, மேளம் அடிக்கும் நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தார்.

நாளுக்கு நாள் அவர் முகம் கறுத்தது. உதடு நாவல் பழ நிறத்துக்குப் போனது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்கும் அவர் நடுவில் நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. "கேசு செயிச்சு மருந்து வருமே, அதை அப்ப யாரு மூக்குல வுடறதுன்னு கேளு உங்கப்பன" என்றாள் அம்மா, அவர் காதில் விழும்படி.

ஒரு மத்தியானம் ககாரின் பேஸ் கிதாரையும் ஒலிபெருக்கியையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் இறக்கி, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தான். ஊரையெல்லாம் மூச்சு விட வைத்துவிட்டுப் பெற்றவரைச் சாக விடுவதா என்று நினைத்துத்தான் வந்தான். அதோடு கூட, அவர் ஒரு தடவை இதைக் கேட்க வேண்டும், கேட்டு எதாவது சொல்ல வேண்டும் என்கிற ஆசையும் உள்ளே இருந்தது. எது பெரியது என்று பிரித்துப் பார்க்கப் பயமாயிருந்தது.

மருதாசலம் கதவைத் திறந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடிச்சீன்னா... அது திருட்டு," என்றார்.

"உசுரு போயிருமுங்ப்பா."

"போனா போகுது. இது என்ற நெஞ்சுன்னு... நெனச்சுட்டு இருக்கறயா?" மூச்சுக்காக நின்றார். "அத்தனை பேர்த்துதையும்... நாந்தான் வெச்சிருக்கறேன். நீ அல்லாத்தையும்... தலகாணியாக்கிப் போட்ட."

ககாரினின் விரல் தந்தி மேல் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும், அவர் அனுமதி தேவையில்லை. தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் விரலை எடுத்தான். ஒயரைச் சுருட்டினான். அவன் அந்தப் பேஸைச் சைக்கிளில் கட்டி முடிக்கும்வரை மருதாசலம் உள்ளே போகாமல் நின்றிருந்தார்.

விசாரணை நாள் காலையில், அவராகவே மகனின் பாயருகில் வந்து உட்கார்ந்தார்.

"உன்ற சாமானம்... அல்லாத்தையும் எடுத்துக்க. அந்தப் பாடற புள்ளையையும்... வரச் சொல்லு."

"எங்கீங்ப்பா?"

"வரவே மாட்டேன்னு... சொன்னனா? இடம் பாத்துத்தானே... எறக்கோணும்."

தொழிலாளர் துறை அதிகாரி ஒரு நடுவயது அம்மாள். இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால், விசாரணை மில்லுக்குள்ளேயே, விருந்தினர் விடுதியின் கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் மில் வக்கீல், மில் டாக்டர், மேனேஜர் வெங்கிடுபதி. மறுபக்கம் மருதாசலம். வெளியே வராந்தாவிலும் ஜன்னல்களிலும் லைன் வீடுகள் மொத்தமும். வெங்கிடுபதி பருத்தி வாங்கும் ஆளாக மில்லில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். கதர் வேட்டி, பன்னீர் வாசனை.

பீடி என்றார் டாக்டர். பீடி என்றார் வக்கீல். மருதாசலம் எழுந்தார்.

"நான் சொல்றதுக்கு... மூச்சு இல்லைங்கம்மா. உள்ளிருக்கறதே... சொல்லட்டும்."

அதிகாரி அம்மாள், கூடத்து ஓரத்தில் டப்பாக்களோடு நின்றவர்களைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"சாட்சிங்க," என்றாள் லோகநாயகி. கூடம் அதிர்ந்தது; அவள் மெதுவாகத்தான் சொல்லியிருந்தாள்.

வக்கீல் ஆட்சேபித்தார். அதிகாரி அம்மாள் யோசித்துவிட்டு, கேட்பதில் யாருக்கும் நஷ்டமில்லையே என்று கையைக் காட்டினார்.

பஷீர் தொடங்கினான். ககாரின் சேர்ந்துகொண்டான். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின, மேசை மேலிருந்த தண்ணீரில் வட்டங்கள் எழுந்தன, லோகநாயகி கதவடைப்பைப் பற்றி அவளே கட்டிய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து எதிர்ச் சுவரில் எறிந்தாள். மருதாசலத்துக்கு ஒன்றும் நேரவில்லை. மற்றவர்களுக்கு இறங்கியது போல இறங்குவதற்கு அவருடைய நெஞ்சில் இடமே இல்லை. மற்றவர்கள் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தவர் போல அவர் இறுகிப்போயிருந்தார். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மருதாசலத்தின் கண்கள் பிதுங்கின. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ககாரினுக்கு அடி தவறியது. எப்போதும் போல அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால்தான் தவறியது, லோகநாயகி பாட்டின் நடுவே அவனை முறைத்தாள். கண்ணைத் தந்திக்குத் திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, அவனால் முடியவில்லை, அப்பாவின் முகத்தை விட்டு அது வர மறுத்தது. சரி, பார்த்துவிட்டே போகிறேன் என்று விட்டான். பார்த்தான். கழுத்து நரம்பு எழுவதைப் பார்த்தான், விலா விரிய முயன்று நிற்பதைப் பார்த்தான், அது நிற்கும் இடத்தில் தந்தியை அடித்தான், மறுபடி அது முயலும்வரை காத்திருந்து மறுபடி அடித்தான். கேசட்டில் இல்லாத வேகம் அது. பஷீர் புரிந்துகொண்டு அவன் பின்னால் வந்தான், லோகநாயகி வரிகளை விட்டுவிட்டு வெறும் குரலாக வந்தாள், மூன்று பேரும் ஒரு மனிதர் மூச்சு விடத் தவிக்கும் தாளத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தது. முதலில் ஒரு விரல் கனம், பிறகு ஒரு கை கனம், பிறகு மருதாசலம் வாயைத் திறந்து நின்றது மட்டும்தான், அது தானாக வந்தது. மேசை மேல் விழுந்து மேசையை மூடியது, தரையில் வழிந்து வக்கீலின் பூட்ஸை மூடியது, மின்விசிறி அதைப் பிடித்துச் சுழற்றிக் கூடம் முழுக்க வீச, டாக்டரின் மூக்குக் கண்ணாடியிலும் அதிகாரி அம்மாளின் கொண்டையிலும் அது இறங்கி உட்கார்ந்தது. முழங்கால் வரை வந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. யாரும் அசையவில்லை. ஜன்னலில் நின்ற பெண்கள் மட்டும், இதற்கு எத்தனை உறை வேண்டியிருக்கும் என்று பார்வையால் அளந்தார்கள்.

ஒரு பொதி மிதந்து மேனேஜர் வெங்கிடுபதியின் முன்னால் வந்தது. பருத்தி வாங்கிப் பழகிய கை, பஞ்சைக் கண்டால் சும்மா இருக்காது. கல்யாண வீட்டுத் தலையணையில் பிதுங்கினாலும் இருக்காது. அவர் காற்றிலேயே அதைப் பிடித்தார். கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்து இழுத்தார். பிய்ந்ததை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மறுபடி இழுத்தார். இழையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் கனிந்தது.

"ஆகா, என்ன நீளம் பாருங்க," என்றார் பக்கத்திலிருந்த வக்கீலிடம். "இது நம்ம மிக்ஸிங்குப் பஞ்சு. கம்பத்துல நானே போயி வாங்குனது. இந்த மாதிரி சரக்கு இப்ப எங்கீங்க வருது?"

பஷீர் கட்டையை நிறுத்தினான்.

அதிகாரி அம்மாள் கொண்டையிலிருந்த பஞ்சை எடுத்து மேசையில் வைத்தார். "நம்மன்னா, யாரோடதுங்க?"

வெங்கிடுபதி கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். மருதாசலத்தைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் முதலில் சிரித்தது சின்னராஜ். பிறகு அது ஜன்னல் ஜன்னலாகப் பரவியது. தீர்ப்பு முறைப்படி வருவதற்கு மழைக்காலம் ஆனது, தூசி உறிஞ்சும் இயந்திரங்கள் வந்து இறங்குவதற்குத் தை பிறந்தது, ஆனால் வழக்கு முடிந்தது அந்தச் சிரிப்பில்தான் என்பதில் லைன் வீடுகளில் இன்றுவரை இரண்டு கருத்து இல்லை.

மருதாசலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். ரயில் மேம்பாலம் வழியாக நடந்தே போகிறேன் என்றார். அந்தப் பாலத்தில் அவர் ஏறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ககாரின் பலா மரப் பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

மருதாசலம் பேசிக்கொண்டே ஏறினார். இத்தனை காலம் மூச்சில்லாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் நிறுத்தாமல் பேசினார், சங்கத்தைப் பற்றி, மகனின் படிப்பைப் பற்றி, அம்மா வைக்கும் ரசத்தைப் பற்றி, நடுவில் "அந்தப் பாட்டுல கடைசீல வந்துச்சே, அதைய மொதல்லயே வெச்சிருக்கலாமல்ல?" என்றும் கேட்டார். பேசப் பேச அவர் நடை வேகமானது. ககாரினால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாதி ஏற்றத்தில் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கினான்.

அப்பா மேலே போய்க்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய அந்த முதுகு, எதிர் வெயில், தலைமுடியில் இன்னும் ஒட்டிக்கொண்டு ஒளிர்ந்த பஞ்சு, தன் பக்கத்தில் யாருமில்லை என்பது தெரியாமல் காற்றோடு பேசி ஆடிக்கொண்டிருந்த கை. தந்தியில்லாமல், அடியில்லாமல், தவறவிட எதுவுமில்லாமல் அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தான் மட்டும் பார்த்தால் போதாது, இதை இன்னொருத்தர் பார்க்க வேண்டும், இதே உயரத்திலிருந்து, இதே தூரத்திலிருந்து, அவர் உச்சிக்குப் போய்ச் சேரும்வரை கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது.

உச்சிக்குப் போனதும் மருதாசலம் திரும்பினார். மகன் வெகு கீழே நிற்பதைப் பார்த்தார்.

"ஏன்டா," என்று அங்கிருந்தே, பாலத்தின் இரண்டு பக்கமும் கேட்கும்படி, ஒரே மூச்சில் கூப்பிட்டார், "உனக்கு மூச்சு வாங்குதா?"

"ஆமாங்ப்பா," என்றான் ககாரின். "நீங்க அங்கியே நில்லுங்க. சித்த அசையாம நில்லுங்க."